ஓட இயலாதவரின் ஓட்டம்

மகா சிவராத்திரிக்கு முதல் நாள் மாலை, முன்சிறைத் திருமலையில் 'கோவிந்தா, கோபாலா' என்னும் முழக்கம் எழும். திருநட்டாலம் வரை பன்னிரு சிவாலயங்களை ஓடியும் நடந்தும் தொழும் சிவாலய ஓட்டம் நம் குமரி மாவட்டத்துக்கே உரியது. புருஷாமிருகத்துக்கு முன்னே திருமாலின் திருநாமத்தைச் சொல்லிக்கொண்டு பீமன் ஓடிய கதையே இதற்கு மூலம். கையில் பனையோலை விசிறி, உடலில் காவி. கோயில்தோறும் நீராடி, ஈர ஆடையுடன் சந்நிதி சேர்வது மரபு.

எழுபதைக் கடந்த அடியேனுக்கு முழங்கால் வலியினும் வீம்பு பெரிது. நான்கு ஆண்டுகளுக்கு முன், திக்குறிச்சியில் தாமிரபரணியில் மூழ்கி எழுந்தபோது தலை சுற்றிற்று. நீரிழிவு மாத்திரையை விழுங்கிவிட்டு உபவாசம் இருந்ததன் பயன் அது! முன்பின் அறியாத இளைஞர் ஒருவர் கரையேற்றி, வாழைப்பழம் ஒன்றை நீட்டி, "பாட்டா, இனி ஓட வேண்டாம்" என்றார். விரதம் முறியுமே என்று தயங்கினேன், பின் உண்டேன்.

அதன்பின் மருத்துவரைக் கேட்டே விரதம் கொள்கிறேன். வேளைக்குக் கஞ்சி, வெந்நீர்க் குளியல், விடியலில் நாமம் சொல்லிக்கொண்டு தெருக்கோடி வரை நடை. காரில் பன்னிரண்டையும் ஒரே நாளில் முடிப்போர் உண்டு. அந்த அவசரம் எனக்கு உகக்கவில்லை. பேரன் என்னைத் திருநட்டாலத்துக்கு மட்டும் அழைத்துச் செல்கிறான். பழைய விசிறி உடன் வருகிறது. ஓடிக் களைத்து மண்டபத்தில் அமரும் பிள்ளைகளுக்கு அதனால் வீசிக்கொண்டிருக்கிறேன்.