'ஆல் ஒரிஜினல்' ஆம்பும் என் அரை உசுரும்

ரெண்டு மாசமா ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி, அதான் இந்தப் பக்கம் வரல. இன்னிக்கு வந்தது ஒரு வயித்தெரிச்சலைக் கொட்ட. கிடார் பக்கமே போகாதவங்களும் படிக்கலாம். பிரச்சினை கிடார் இல்ல, "ஒரிஜினல்"ங்கிற ஒத்தை வார்த்தை.

முதல்ல சின்ன விளக்கம். தாத்தா வீட்டு வால்வு ரேடியோ ஞாபகம் இருக்கா? சுவிட்ச் போட்டதும் பாடாம, சூடாகி, மெதுவா முனக ஆரம்பிக்குமே, அதே கண்ணாடி வால்வை வச்சு கிடார் சத்தத்தைப் பெருக்குறதுதான் டியூப் ஆம்ப். வால்யூமைத் திருகத் திருக சத்தம் மட்டும் ஏறாது. லேசா உடைஞ்சு, கரகரன்னு ஒரு குரல் வரும். ட்ரான்சிஸ்டர் வந்து இத்தனை வருஷத்துக்கு அப்புறமும் ஆளுங்க இதைத் தேடி அலையுறது அந்தக் குரலுக்காகத்தான். நானும் அலைஞ்சேன்.

நான் பொட்டி தட்டுறது நியூ ஜெர்சியில. வார இறுதியில நாலு பசங்க சேர்ந்து பேஸ்மென்ட்ல வாசிப்போம். போன வருஷம் பக்கத்து ஊர்ல ஒருத்தர் கராஜ்ல 1960கள்ல வந்த சின்ன ஆம்ப் ஒன்னு மாட்டுச்சு. "அறுபது வருஷமா ஒரு ஸ்க்ரூவைக்கூட யாரும் கழட்டல, ஆல் ஒரிஜினல்"னு அவருக்குப் பெருமை தாங்கல. 400 டாலர் கொடுத்து அள்ளிட்டு வந்தேன்.

அன்னிக்கு சாயங்காலமே வாசிச்சேன். இடது கை கிடார் கம்பியில, உதடு மைக்ல பட்டுச்சு. பளீர்! பசங்க விழுந்து விழுந்து சிரிச்சானுங்க. நானும் சிரிச்சேன். ஆம்ப் ரிப்பேர் பண்ற பெரியவர் ஒருத்தர் உள்ளே திறந்து காட்டினப்போதான் சிரிப்பு அடங்குச்சு.

அந்தக் காலத்து அமெரிக்க ஆம்புல ப்ளக்குக்கு ரெண்டே கால்தான், எர்த் கிடையாது. இரைச்சலைக் குறைக்க, மெயின்ஸ்ல ஒரு பக்கத்துக்கும் இரும்புச் சட்டத்துக்கும் நடுவுல ஒரு கெபாசிட்டர் வச்சிருப்பாங்க. ரிப்பேர்காரங்க அதுக்கு வச்ச பேரு "டெத் கேப்". சாவு கெபாசிட்டர்! அது நல்லா இருந்தாலே லேசா சுர்ருங்கும். ஷார்ட் ஆச்சுன்னா, ப்ளக்கை எந்தப் பக்கம் திருப்பிச் சொருகினோங்கிறதைப் பொறுத்து 120 வோல்ட்டும் சட்டத்துக்கு வரும். சட்டத்துலேர்ந்து ஒயர், ஒயர்லேர்ந்து கம்பி, கம்பியிலேர்ந்து கை. எதிர்ல எர்த் ஆன மைக். நடுவுல அடியேன்.

இதைத்தான் "யாரும் தொடல"ன்னு பெருமை பேசி வித்திருக்கார். நம்ம தொழில்ல ஒருத்தன் வந்து, "2003-ல போட்ட சர்வர் சார், ஒரு பேட்ச்கூட போடல, ஆல் ஒரிஜினல்"னு சொன்னா அதிக விலை கொடுப்பீங்களா, ஓடிப்போயி ஒயரைப் புடுங்குவீங்களா?

உடனே சுத்த ஒரிஜினல் பக்தர்கள் கிளம்பி வருவாங்க. பார்ட்டை மாத்தினா டோன் போயிடும், மதிப்பு போயிடும்னு. ஐயா சாமிகளா, ஆம்போட குரலை முக்கியமா தீர்மானிக்கிறது சர்க்யூட், டிரான்ஸ்ஃபார்மர், ஸ்பீக்கர். அதையெல்லாம் யாரும் தொடச் சொல்லல. மூணு கால் ஒயர் போட்டு, சாவு கெபாசிட்டரைத் தூக்கிட்டு, பவர் சப்ளையில இருக்குற எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டரை மாத்தணும். அது இருபது முப்பது வருஷத்துல காய்ஞ்சு போற சரக்கு. பழைய அம்பாசடர் வாங்கினா டயரும் அதே வருஷத்து டயரா வேணும்னு அடம் பிடிப்பீங்களா? கழட்டினதை ஒரு கவர்ல போட்டு வச்சுக்குங்க, அடுத்து வாங்குறவர் பூஜை பண்ணட்டும் :-)

அடுத்தது விலைக் கூத்து. 1965 ஜனவரியில ஃபெண்டர் கம்பெனியை சிபிஎஸ் வாங்குச்சு. 1960கள் கடைசியில முகப்புப் பலகை கறுப்புலேர்ந்து வெள்ளிக்கு மாறுச்சு. "கறுப்பு முகம்"னா தெய்வம், "வெள்ளி முகம்"னா மட்டம்னு அன்னிலேர்ந்து ஒரு பேச்சு. பெரிய மாடல்கள் சிலதுல சர்க்யூட்டை மாத்தினாங்க, உண்மைதான். ஆனா சாம்ப்னு ஒரு குட்டி ஆம்ப் இருக்கே, ஒரு 12ஏஎக்ஸ்7, ஒரு 6வி6, ஒரு ரெக்டிஃபையர் வால்வு, அவ்ளோதான், அதுல கறுப்புக்கும் எழுபதுகளோட வெள்ளிக்கும் அதே ஏஏ764 சர்க்யூட். அப்புறம் கூடுதல் காசு எதுக்கு? பெயிண்ட்டுக்கா?

இன்னொரு கொடுமை. இன்னிக்கு "வின்டேஜ்"னு கொண்டாடுற பல ஆம்ப் அன்னிக்குப் பள்ளிக்கூடப் பசங்களுக்கான மலிவுச் சரக்கு. சியர்ஸ் கடை கேட்டலாக்ல வித்த சில்வர்டோன்ல பலதும் இங்கே நியூ ஜெர்சியில டேன்எலக்ட்ரோ தயாரிச்சது. அந்த சில்வர்டோனை வச்சு வைட் ஸ்ட்ரைப்ஸ் ஜாக் வைட் மேடையையே அதிர வச்சார். அதெல்லாம் பிரபலமாச்சு, விலை ஏறுச்சு. காசில்லாத பையனுக்காகப் பொறந்த பெட்டியைக் காசில்லாத பையன் வாங்க முடியல. எனக்கு இதுதான் நிஜமான வயித்தெரிச்சல்.

சரி, என்னதான் பண்றது? நான் சூடு பட்டுக் கத்துக்கிட்டது:

1. வின்டேஜ் வேற, பழசு வேற. பீவி கிளாசிக் 30, ஃபெண்டர் ப்ளூஸ் ஜூனியர் மாதிரி தொண்ணூறுகளுக்கு அப்புறம் வந்தது செகண்ட் ஹேண்ட்ல நிறைய கிடைக்கும். சர்க்யூட் போர்டுல வால்வு சாக்கெட் இருந்தா ரிப்பேர் கொஞ்சம் கஷ்டம்தான், ஒத்துக்குறேன். ஆனா மூணு கால் ப்ளக்கோட வரும். கனடாவோட பழைய ட்ரெய்னரையும் பாருங்க.

2. "1964 மாடல்"னு சொன்னா ஸ்பீக்கர்ல எண்ணைப் பாருங்க. 220-ன்னு ஆரம்பிச்சா ஜென்சன், 465-ன்னா ஆக்ஸ்ஃபோர்டு. 220-6412ன்னா 1964-ல 12-ஆவது வாரம். ஸ்பீக்கரை மாத்தியிருக்கலாம், அதனால டிரான்ஸ்ஃபார்மர் எண்ணையும் பாருங்க. ஃபெண்டர்னா பெரும்பாலும் 606.

3. ரெண்டு கால் ப்ளக் இருந்தா, சர்வீஸ் செலவைக் கழிச்சுட்டுத்தான் பேரம் பேசணும். எனக்கு 180 டாலர் ஆச்சு. அதை விக்கிறவர் தலையில கட்டத் தெரியாத கேணையன் நான்.

4. நீங்களே திறந்து பார்க்காதீங்க. ப்ளக்கைப் புடுங்கின அப்புறமும் உள்ளே 300, 400 வோல்ட் தங்கியிருக்கும். இன்ஜினியரிங் டிகிரி ஷாக்கைத் தடுக்காது.

5. ஊருக்கு எடுத்துட்டுப் போற ஐடியா இருந்தா, நம்மூர்ல 230 வோல்ட். ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாம சொருகினா புகைதான் வரும், பாட்டு வராது.

என் ஆம்ப் இப்போ மூணு காலோட, புது கெபாசிட்டரோட, நல்லா உறுமுது. டோன் போகலையான்னு கேட்டா, இரைச்சல்தான் போச்சு. ஒரிஜினலா இருக்க வேண்டியது ஆம்ப் இல்லீங்க, வாசிக்கிறவன் உசுரு. அதுக்கு ஸ்பேர் பார்ட் கிடைக்காது.

டிஸ்கி: "டெத் கேப் வச்சு முப்பது வருஷம் வாசிச்சேன், எனக்கு ஒன்னும் ஆகலையே"ன்னு பின்னூட்டம் போடப் போற அண்ணாச்சிகளுக்கு: ஆனவங்க பின்னூட்டம் போட மாட்டாங்க அண்ணாச்சி. மத்தவங்க வந்து கும்முங்க!