சாப்பிட மறுக்கும் பிள்ளை: பிடிவாதமா, நோயா?

2025 மார்ச் மாதம், நாம் ரமலான் நோன்பில் இருந்த நாட்களில், கேரளத்தின் கண்ணூர் மாவட்டத்திலிருந்து ஒரு துயரச் செய்தி வந்தது. 18 வயதுக் கல்லூரி மாணவி ஒருவர், எடை கூடிவிடுமோ என்ற அச்சத்தில் பல மாதங்களாக உணவைக் குறைத்துக்கொண்டே வந்து, கடைசியில் மருத்துவமனையில் உயிரிழந்தார். இணையத்தில் பார்த்த உணவுக் கட்டுப்பாட்டு வீடியோக்களை அவர் பின்பற்றியதாகச் செய்திகள் கூறின. அவருக்கு இருந்தது 'அனோரெக்சியா நெர்வோசா' என்ற நோய் என்றும் சொல்லப்பட்டது.

அந்தச் செய்தி நம் வாட்ஸ்அப் குழுக்களிலும் சுற்றியது. "வீட்டில் சோறு இருந்தும் பட்டினி கிடந்து செத்திருக்கிறாளே" என்றார் ஒருவர். "எல்லாம் மொபைல் செய்த வேலை" என்றார் இன்னொருவர். "பெற்றவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்?" என்று கேட்டவர்களும் உண்டு. இது ஒரு நோய் என்ற சொல் மட்டும் யாருடைய காதிலும் விழவில்லை.

நம் வீடுகளில் இந்த நோய் கிடையாது என்று நாம் நினைக்கிறோம். நாமும் அப்படித்தான் நினைத்தோம், ஒரு தாய் நம்மிடம் வரும் வரை.

நாம் செய்த தவறு

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு உம்மா தன் மகளைப் பற்றி நம்மிடம் பேசினார். பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் பிள்ளை. திங்கள், வியாழன் சுன்னத்தான நோன்பில் தொடங்கி, பின்னர் ஏறக்குறைய எல்லா நாளும் நோன்பு வைக்கிறாள். நோன்பு திறக்கும்போதும் ஒரு பேரீச்சம்பழம், தண்ணீர், அவ்வளவுதான். "ஹஸ்ரத், இது சரியா?" என்று அவர் கேட்டார். நாம் என்ன சொன்னோம்? "மாஷா அல்லாஹ், இந்த வயதில் இப்படி ஒரு பிள்ளையா!" என்று பாராட்டி அனுப்பினோம். நான்கு மாதம் கழித்து அந்தப் பிள்ளை பள்ளியில் மயங்கி விழுந்தாள். நோன்பு அவளுக்கு வணக்கமாக இருக்கவில்லை; சாப்பிடாமல் இருப்பதற்கு யாரும் கேள்வி கேட்காத ஒரு காரணமாக இருந்தது. அல்ஹம்துலில்லாஹ், நீண்ட சிகிச்சைக்குப் பின் அவள் தேறிவிட்டாள். ஆனால் அந்த நான்கு மாதங்களுக்கு நாமும் பொறுப்பு.

அன்றிலிருந்து ஒரு ஹதீஸ் நம்மை விட்டு அகலவில்லை. பயணத்தில் தலையில் காயம்பட்ட ஒருவருக்குக் குளிப்பு கடமையானது. தயம்மும் செய்யலாமா என்று அவர் கேட்டபோது, உடனிருந்தவர்கள் அதற்கு இடமில்லை என்று கூறிவிட்டனர். அவர் குளித்தார், இறந்துபோனார். இதைக் கேள்விப்பட்ட நபி (ஸல்) அவர்கள் கடுமையாகக் கோபம் கொண்டு, அவரைக் கொன்றவர்கள் அவர்களே என்றார்கள். தெரியாதபோது கேட்டிருக்க வேண்டும், அறியாமைக்கு மருந்து கேள்விதான் என்ற கருத்தில் கண்டித்தார்கள் (அபூதாவூத்). நோயாளியின் உடல்நிலை அறியாமல் மார்க்கத் தீர்ப்புச் சொல்வது எவ்வளவு ஆபத்து என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

இது எப்படிப்பட்ட நோய்?

இதை இன்ஸ்டாகிராம் பெற்ற பிள்ளை என்று நினைக்க வேண்டாம். 1873-லேயே லண்டன் மருத்துவர் வில்லியம் கல் இந்நோய்க்கு 'அனோரெக்சியா' என்று பெயர் சூட்டிவிட்டார். பரம்பரைக் கூறு, பருவமடையும் வயதின் மாற்றங்கள், எதையும் குறையில்லாமல் செய்தாக வேண்டும் என்ற மனப்போக்கு, பதற்றம், கேலிப் பேச்சு எனப் பல காரணங்கள் சேர்ந்து இதைத் தூண்டுகின்றன. மனநோய்களிலேயே அதிக உயிர்களைப் பறிப்பவற்றில் இதுவும் ஒன்று.

இதில் மூன்று வகைகள் முக்கியமானவை. அனோரெக்சியாவில் உடல் மெலிந்துகொண்டே போனாலும், தான் பருமனாக இருப்பதாகவே மனம் சொல்லிக்கொண்டிருக்கும். புலிமியாவில் கட்டுப்பாடின்றி நிறையச் சாப்பிட்டுவிட்டு, பயத்தில் அதை வெளியேற்ற முயல்வார்கள். எடை இயல்பாக இருப்பதால் வெளியே தெரியாது. மூன்றாவது, அளவின்றிச் சாப்பிட்டுவிட்டுக் குற்ற உணர்வில் புழுங்குவது. இதில் வெளியேற்றும் முயற்சி இருக்காது. ஒல்லியாக இருந்தால்தான் இந்த நோய் என்பது தவறு. பெண்களுக்கு மட்டும் என்பதும் தவறு. ஜிம்முக்குப் போகும் நம் பையன்களிடமும் இது உண்டு.

ஆனால் எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றுவது யார் என்று கேட்டால், அங்கே மொபைல் வருகிறது. 2021-ல் பிரான்சிஸ் ஹாகன் வெளிக்கொண்டு வந்த ஃபேஸ்புக் நிறுவன ஆவணங்களில், தம் உடலைப் பற்றிக் கவலைப்படும் பதின்வயதுப் பெண்களில் மூவரில் ஒருவருக்கு இன்ஸ்டாகிராம் அதை இன்னும் மோசமாக்குகிறது என்று அந்நிறுவனத்தின் சொந்த ஆய்வே ஒப்புக்கொண்டிருந்தது. கண்ணூர் மாணவி இறந்த அதே 2025 மார்ச்சில்தான், எடை குறைக்கவும் பயன்படும் மவுன்ஜாரோ ஊசி மருந்து இந்தியச் சந்தைக்கு வந்தது. மருத்துவர் மேற்பார்வையில் தேவையானவர்களுக்கு அது பயன்படும். ஆனால் 'மெலிந்தால்தான் மதிப்பு' என்ற பேச்சு எல்லாத் திசையிலிருந்தும் ஒரே நேரத்தில் பிள்ளையின் காதில் விழுவதை நாம் கவனிக்க வேண்டும்.

அந்தப் பேச்சு நம் வீட்டிலும் இருக்கிறது. பெண் பார்க்க வந்தவர்கள் "பிள்ளை கொஞ்சம் பூசினாற்போல் இருக்கிறாள்" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். வலிமா விருந்தில் மாமி, "இவள் தட்டைப் பாருங்கள்" என்று சிரிக்கிறார். சொன்னவர் அன்றே மறந்துவிடுவார். அந்தப் பிள்ளை மறப்பதில்லை. அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 11-வது வசனம் கேலியையும் பட்டப்பெயரையும் தடுப்பதை நாம் மிம்பரில் ஓதுகிறோம். சாப்பாட்டு விரிப்பில் மறந்துவிடுகிறோம்.

எதைக் கவனிப்பது, எங்கே போவது?

குடும்பத்தோடு உட்கார்ந்து சாப்பிடுவதைத் தவிர்ப்பது, "சாப்பிட்டுவிட்டேன்" என்று எப்போதும் சொல்வது, சாப்பிட்டவுடன் குளியலறைக்குள் நெடுநேரம் இருப்பது, எந்நேரமும் எடையைப் பற்றியே பேசுவது, மாதவிடாய் நின்றுபோவது, எப்போதும் குளிர்வது, முடி கொட்டுவது, மயக்கம். இவற்றில் சில சேர்ந்து தெரிந்தால் காத்திருக்கக் கூடாது.

பிள்ளையிடம் எடையைப் பற்றிப் பேசாமல், "நீ முன்பு போல் இல்லை, எங்களுக்குக் கவலையாக இருக்கிறது" என்று தொடங்குங்கள். திட்டுவதும் வாயில் திணிப்பதும் வேண்டாம். நெடுநாள் பட்டினி கிடந்த உடலுக்குத் திடீரென நிறைய உணவு கொடுத்தால் இரத்தத்தின் உப்புச் சத்துகள் நிலைகுலைந்து உயிருக்கே ஆபத்தாகலாம். எனவே முதலில் பொது மருத்துவரிடம் சென்று நாடித் துடிப்பு, இரத்த அழுத்தம், பொட்டாசியம், இசிஜி ஆகியவற்றைப் பாருங்கள். அவர் வழியாக மனநல மருத்துவரிடம் செல்லுங்கள். மயக்கமோ நெஞ்சுப் படபடப்போ இருந்தால் 108-ஐ அழைத்து உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். வளரிளம் பருவத்தினருக்கு, பெற்றோரே உணவுப் பொறுப்பை ஏற்று மருத்துவக் குழுவின் வழிகாட்டலில் நடத்தும் குடும்பச் சிகிச்சை நல்ல பலன் தருகிறது. அதாவது பெற்றோர் இங்கே குற்றவாளிகள் அல்லர். அவர்களே மருந்தின் ஒரு பகுதி.

எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்கள், மத்திய அரசு 2022-ல் தொடங்கிய டெலி மானஸ் இலவச எண்ணான 14416-ஐ எந்நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின்படி, உடல் நோய்க்குத் தருவது போலவே மனநோய்க்கும் காப்பீட்டு நிறுவனங்கள் காப்பீடு வழங்க வேண்டும்.

"முதலில் ஓதிப் பார்க்கலாமே" என்று கேட்பவர்கள் உண்டு. ஓதுங்கள், துஆ செய்யுங்கள். அதைக் காரணம் காட்டி மருத்துவமனைக்குப் போவதைத் தள்ளிப்போடாதீர்கள். நோய்க்கு மருந்து உண்டு, மருத்துவம் செய்துகொள்ளுங்கள் என்பது நபிவழி. "வரன் தடைப்படுமே" என்று மறைப்பவர்களுக்கு நாம் சொல்வது ஒன்றே: வரன் பிறகும் வரும், பிள்ளை வரமாட்டாள்.

நோன்பைப் பற்றியும் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். நோயாளிக்கு நோன்பை விடும் சலுகையை அல்லாஹ்வே தந்திருக்கிறான் (2:184, 185). இந்த நோயும் நோய்தான். நோன்பு உடலுக்குத் தீங்கு என்று மருத்துவர் சொன்னால் விட்டுவிட வேண்டும். தேறியபின் களா செய்துகொள்ளலாம். தொடர்ந்து நோன்பு நோற்றுவந்த அபுத் தர்தா (ரலி) அவர்களை அந்த நோன்பை விடச் செய்து, உடன் உட்காரவைத்து உண்ணச் செய்தவர் சல்மான் (ரலி). அவர் செய்ததைச் சரி என்று நபி (ஸல்) அவர்களும் ஏற்றார்கள் (புகாரி). அப்படி ஒரு சல்மான் ஒவ்வொரு வீட்டிலும் இருந்தால் போதும்.

மஹல்லா ஜமாஅத்துகள் வரும் ரமலானுக்கு முன், ஒரு மனநல மருத்துவரை அழைத்துப் பெற்றோருக்கும் ஆலிம்களுக்கும் ஒரு நாள் வகுப்பு நடத்தட்டும். இனி ஒரு தாய் "ஹஸ்ரத், இது சரியா?" என்று கேட்டு வந்தால், பாராட்டுவதற்கு முன் "பிள்ளை சாப்பிடுகிறாளா?" என்று திருப்பிக் கேட்கும் தெளிவை அல்லாஹ் நமக்குத் தருவானாக! ஆமீன்.