வாங்குமுன் அளந்து பாருங்கள்!



சென்ற ஆண்டு ஒரு நாள் மாலை, பரிசோதனைக் கூடத்தைப் பூட்டும் வேளையில் எங்கள் கல்லூரியின் முதலாண்டு மாணவர் ஒருவர் என்னிடம் வந்தார். "சார், புதுசா ஒரு பிராசசர் வாங்கினேன். அதில் ஏதாவது பழுது இருக்குமா?" என்று கேட்டார். விசாரித்தேன். அவருடைய கணிப்பொறியில் விளையாட்டு தடங்கித் தடங்கி ஓடியிருக்கிறது. தாயார் சீட்டு எடுத்த பணத்தில் ஒரு பகுதியைக் கேட்டு வாங்கி, ஆறு கோர் கொண்ட பிராசசரை எடுத்துவிட்டு எட்டுக் கோர் கொண்டதைப் பொருத்தியிருக்கிறார். வேகம் சிறிதும் கூடவில்லை. கடைக்காரரோ, "பெட்டியைப் பிரித்த பிறகு திரும்ப எடுக்க முடியாது" என்று கையை விரித்துவிட்டார்.

அந்தப் பிராசசரில் பழுது ஏதும் இல்லை. அதை வாங்கிய முறையில்தான் பழுது இருந்தது.

கணிப்பொறி விளையாட்டு நல்லதா, கெட்டதா என்று வாதிக்க நான் வரவில்லை. உங்களில் பலர் விளையாடுகிறீர்கள். குறைந்த செலவில் அமைத்த கணிப்பொறியை மெல்ல மெல்ல மேம்படுத்த விரும்புகிறீர்கள். அதில் செலவாகும் பணம் பெரும்பாலும் பெற்றோருடையது. ஆகவே என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தாமதம் எங்கே ஏற்படுகிறது என்று அளந்து அறியாதவரை ஒரு ரூபாய்கூடச் செலவிடக் கூடாது. அளந்த பிறகு பிராசசர்தான் காரணம் என்று தெரிந்தால், உங்களிடம் ஏற்கெனவே உள்ள மதர்போர்டு ஏற்கும் நடுத்தரப் பிராசசரே போதும். மிகப் புதியதும் வேண்டாம். மிகப் பெரிய எண் போட்டதும் வேண்டாம்.

சித்தாளும் கொத்தனாரும்

திரையில் தோன்றும் அசைவு, அடுத்தடுத்துக் காட்டப்படும் தனித்தனிப் படங்களால் ஆனது என்பது உங்களுக்குத் தெரிந்ததே. ஒரு விநாடிக்கு 60 படங்கள் வேண்டுமானால், ஒவ்வொரு படத்துக்கும் கிடைக்கும் நேரம் ஏறத்தாழ 16.7 மில்லி விநாடி. இந்த நேரத்துக்குள் இரண்டு வேலைகள் நடந்தாக வேண்டும். எதிராளி எங்கே நிற்கிறான், பந்து எந்தத் திசையில் பறக்கிறது, எந்தப் பொருள்களை வரைய வேண்டும் என்று கணக்கிடுவது பிராசசர். அந்தக் கணக்கின்படி புள்ளி புள்ளியாக வண்ணம் தீட்டுவது கிராபிக்ஸ் கார்டு.

வீடு கட்டும் இடத்தைப் பார்த்திருப்பீர்கள். சித்தாள் செங்கல்லை எடுத்துக் கொடுக்கக் கொடுக்க, கொத்தனார் சுவரை எழுப்புகிறார். கொத்தனாரின் கை மெதுவானது என்றால், இன்னொரு சித்தாளை அமர்த்துவதால் சுவர் விரைவாக எழும்பிவிடுமா? செங்கல்தான் குவியும். இங்கே சித்தாள் பிராசசர். கொத்தனார் கிராபிக்ஸ் கார்டு.

இதையே எண்களால் பார்ப்போம். ஒரு படத்துக்குப் பிராசசர் 12 மில்லி விநாடியும், கிராபிக்ஸ் கார்டு 25 மில்லி விநாடியும் எடுத்துக்கொள்வதாக வைத்துக்கொள்வோம். இரண்டும் ஒரே சமயத்தில் வேலை செய்கின்றன. ஒன்று இந்தப் படத்தை வரையும்போது மற்றது அடுத்த படத்துக்குக் கணக்குப் போடுகிறது. எனவே, மெதுவானதே வேகத்தை முடிவு செய்யும். 25 மில்லி விநாடிக்கு ஒரு படம் என்றால் விநாடிக்கு 40 படங்கள். இரு மடங்கு வேகமான பிராசசரைப் பொருத்தினால் 12 என்பது 6 ஆகும். ஆனால் 25 அப்படியே நிற்கும். அப்போதும் 40 படங்கள்தாம்! என் மாணவருக்கு நேர்ந்தது இதுவே.

வீட்டிலேயே ஒரு சோதனை

உங்கள் கணிப்பொறியில் மெதுவானது எது என்று அறியக் கருவி எதுவும் வாங்க வேண்டாம். விளையாட்டின் அமைப்புகளில் விநாடிக்கு எத்தனை படங்கள் என்று காட்டும் வசதியை இயக்குங்கள். படங்களின் எண்ணிக்கைக்கு வரம்பு விதிக்கும் வசதிகளையும், வி-சிங்க் என்பதையும் நிறுத்திவிடுங்கள். விளையாட்டில் ஒரே இடத்தை, ஒரே பாதையை மூன்று முறை கடந்து, எண்களைக் குறித்துக்கொண்டு சராசரி எடுங்கள். பிறகு திரையின் ரெசல்யூஷனை மட்டும் 1920 × 1080 என்பதிலிருந்து 1280 × 720 ஆகக் குறைத்து, அதே சோதனையைத் திரும்பச் செய்யுங்கள்.

முதல் அமைப்பில் ஒரு படத்துக்கு 20,73,600 புள்ளிகள். இரண்டாவதில் 9,21,600 புள்ளிகள். கிராபிக்ஸ் கார்டின் சுமை பெருமளவு குறைகிறது. பிராசசரின் சுமையோ ஏறத்தாழ மாறுவதில்லை. ஒன்றை மாற்றி மற்றவற்றை மாற்றாமல் வைப்பது என்னும் பரிசோதனை முறையைத்தான் இங்கே கையாள்கிறோம். படங்களின் எண்ணிக்கை நன்றாக உயர்ந்தால், தடையாக இருந்தது கிராபிக்ஸ் கார்டு. எண்ணிக்கை அசையாமல் நின்றால், தடை பெரும்பாலும் பிராசசர் பக்கம். நீங்கள் அதிகம் விளையாடும் இரண்டு, மூன்று விளையாட்டுகளில் இதைச் செய்து பாருங்கள். ஒன்றில் ஒரு விடையும் மற்றொன்றில் வேறொரு விடையும் கிடைக்கக்கூடும்.

சராசரி எண் நம்மை ஏமாற்றுவதும் உண்டு. ஒரு விநாடியில் 85 படங்கள் பத்துப் பத்து மில்லி விநாடியில் வந்து, ஒரே ஒரு படம் மட்டும் 150 மில்லி விநாடி எடுத்துக்கொண்டால், கணக்கு 86 படங்கள் என்று காட்டும். உங்கள் கண்ணுக்கோ ஒரு குலுக்கல் தெரியும். அதுபோலவே, பன்னிரண்டு இழைகளை இயக்கும் பிராசசரில் ஓர் இழை முழுச் சுமையோடு திணறினாலும், டாஸ்க் மேனேஜர் அதை மொத்தத்தில் 8 விழுக்காடாகத்தான் காட்டும். "பிராசசர் 30 விழுக்காடுதான் வேலை செய்கிறது, எனவே குறை அதில் இல்லை" என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

பிராசசர் பக்கம்தான் தடை என்று தெரிந்தாலும் கடைக்கு ஓட வேண்டாம். முதலில் விசிறியில் படிந்த தூசியைத் துடையுங்கள். சூடு எல்லை மீறும்போது பிராசசர் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. அடுத்து, ரேம் ஒரே துண்டாக இருக்கிறதா என்று பாருங்கள். டி.டி.ஆர்.4-3200 வகையில் ஒரு துண்டு விநாடிக்கு 25.6 கிகாபைட் வரை தரும். இரண்டு துண்டுகளை உரிய இடங்களில் பொருத்தினால் அது 51.2 ஆகும். தூசி துடைக்கச் செலவே இல்லை. ரேம் துண்டுக்கு ஆகும் செலவும் பிராசசர், மதர்போர்டு இரண்டையும் மாற்றுவதைவிடக் குறைவுதான்.

கிகாஹெர்ட்ஸ் என்னும் மயக்கம்

விளம்பரங்களில் பெரிய எழுத்தில் இருப்பது கிகாஹெர்ட்ஸ். அது ஒரு விநாடியில் எத்தனை துடிப்புகள் என்பதை மட்டுமே சொல்கிறது. ஒரு துடிப்பில் எவ்வளவு வேலை முடிகிறது என்று சொல்வதில்லை. வேகமாக அடியெடுத்து வைக்கும் சிறுவனைக் காட்டிலும், நிதானமாக நீண்ட அடி வைக்கும் பெரியவர் முன்னே போவதில்லையா?

வரலாற்றில் இதற்குத் தக்க சான்று உண்டு. 2004ஆம் ஆண்டில் இன்டெல் நிறுவனத்தின் பென்டியம் 4 பிராசசர் 3.8 கிகாஹெர்ட்ஸை எட்டியது. 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் வெளியிடும் திட்டத்தை அந்நிறுவனம் அதே ஆண்டில் கைவிட்டது. தடையாக நின்றது வெப்பம். பிராசசர் செலவிடும் திறன், அதன் அதிர்வெண்ணுக்கும் மின்னழுத்தத்தின் இருமடிக்கும் நேர்விகிதத்தில் அமைகிறது. அதிர்வெண்ணைக் கூட்டினால் மின்னழுத்தத்தையும் கூட்ட வேண்டிவரும். இரண்டையும் 10 விழுக்காடு கூட்டிப் பாருங்கள்: 1.1 × 1.1 × 1.1 = 1.331. வெப்பம் 33 விழுக்காடு கூடிவிடுகிறது! 2006இல் அதே நிறுவனம் வெளியிட்ட கோர் 2 டுவோ வரிசையில் 2.4 கிகாஹெர்ட்ஸ் பிராசசர் ஒன்று, 3.8 கிகாஹெர்ட்ஸ் பென்டியத்தை எளிதில் தோற்கடித்தது.

இன்னும் அண்மைய எடுத்துக்காட்டு வேண்டுமா? ஏ.எம்.டி. நிறுவனத்தின் ரைசன் 5 1600 என்பது 2017இலும், ரைசன் 5 5600 என்பது 2022இலும் வெளிவந்தன. இரண்டிலும் ஆறு கோர், பன்னிரண்டு இழை. இரண்டுக்கும் நிறுவனம் குறித்த வெப்ப அளவு 65 வாட். உச்ச அதிர்வெண் 3.6இலிருந்து 4.4 கிகாஹெர்ட்ஸாக, அதாவது 22 விழுக்காடுதான் உயர்ந்தது. ஆயினும் பிராசசரே தடையாக உள்ள விளையாட்டுகளில் கிடைக்கும் வேகம் இதைவிடக் கணிசமாக அதிகம். காரணங்கள் இரண்டு. ஒவ்வொரு துடிப்பிலும் புதியது அதிக வேலை செய்கிறது என்பது ஒன்று. கேஷ் என்னும் உள்நினைவகம் மற்றொன்று.

ரேமிலிருந்து ஒரு தகவல் வந்து சேர 80 நானோ விநாடி ஆவதாகக் கொண்டால், 4.4 கிகாஹெர்ட்ஸ் பிராசசருக்கு அது 350 துடிப்புகள் காத்திருக்கும் நேரம். கேஷில் இருந்தால் அந்தத் தகவல் 10 நானோ விநாடி அளவில் கிடைத்துவிடும். பழைய 1600இல் மூன்று மூன்று கோர்கள் ஒரு குழுவாகி, குழுவுக்கு 8 மெகாபைட் கேஷைப் பகிர்ந்துகொண்டன. 5600இலோ ஆறு கோர்களும் சேர்ந்து 32 மெகாபைட்டைப் பயன்படுத்துகின்றன. அடுப்படியிலேயே சாமான் இருந்தால் ஒவ்வொரு தடவையும் கடைத்தெருவுக்குப் போக வேண்டாம் அல்லவா?

எத்தனை கோர் வேண்டும்?

"கோர் கூடினால் வேகம் கூடும்" என்பதும் பாதி உண்மையே. 1967இல் ஜீன் ஆம்டால் என்னும் அமெரிக்கக் கணிப்பொறி வல்லுநர் இதை விளக்கினார். ஒரு படத்துக்குரிய வேலை மொத்தம் 10 மில்லி விநாடி என்போம். அதில் 6 மில்லி விநாடி வேலையை ஒரே கோர்தான் செய்ய முடியும். மீதி 4ஐப் பங்கிடலாம். நான்கு கோர் இருந்தால் 6 + 1 = 7 மில்லி விநாடி. எட்டுக் கோர் இருந்தால் 6 + 0.5 = 6.5 மில்லி விநாடி. கோர்களை இரட்டித்தும் மிச்சமானது அரை மில்லி விநாடி! நூறு கோர் வைத்தாலும் 6க்குக் கீழே போகாது. காணொளி தொகுப்பவர்களுக்கு எட்டும் பன்னிரண்டும் பயன்படும். குறைந்த செலவில் விளையாடுபவருக்குப் புதிய தலைமுறையைச் சேர்ந்த ஆறு கோர் போதும் என்பது என் கருத்து.

மதர்போர்டைக் கேளுங்கள்

பிராசசரை உங்களுக்குத் தேர்ந்து தர வேண்டியது விளம்பரம் அன்று, மதர்போர்டு. அதன் பெயரைக் குறித்துக்கொண்டு, அதைச் செய்த நிறுவனம் வெளியிட்டுள்ள பிராசசர் பட்டியலைப் பாருங்கள். மேலே சொன்ன 1600, 5600 இரண்டும் ஏ.எம்.4 என்னும் ஒரே வகைப் பொருத்துவாயில் அமர்பவை. அத்தகைய மதர்போர்டுகள் பலவற்றில் பயாஸ் என்னும் அடிப்படை நிரலைப் புதுப்பித்தாலே போதும். பிராசசரை மட்டும் மாற்றிவிடலாம். மாறாக, 2022இல் வந்த ஏ.எம்.5 வகைக்குப் போனால் புது மதர்போர்டும், டி.டி.ஆர்.5 ரேமும் சேர்த்து வாங்க நேரும். "பிராசசர் விலை" என்று நினைத்தது மூன்று பொருள்களின் விலையாகிவிடும்.

பழைய பிராசசர் இருக்கும்போதே பயாஸைப் புதுப்பியுங்கள். பாதியில் மின்சாரம் நின்றால் மதர்போர்டு இயங்காமலே போகலாம். ஆகவே யு.பி.எஸ். இல்லாமல் இந்த வேலையில் இறங்க வேண்டாம். பெயரின் கடைசி எழுத்தையும் கவனியுங்கள். 5600ஜி என்பதில் கிராபிக்ஸ் உள்ளேயே உண்டு. ஆனால் கேஷ் 16 மெகாபைட்தான். தனிக் கிராபிக்ஸ் கார்டு வைத்திருப்பவருக்கு வெறும் 5600 மேலானது.

"எதிர்காலத்துக்கும் உதவும் என்று பெரியதாக வாங்கினால் என்ன?" என்று சிலர் கேட்பார்கள். வசதி உள்ளவர்கள் வாங்கட்டும். ஆனால் இன்று பயன்படாத கோர்களுக்கு இன்றே விலை கொடுக்கிறோம். அவை தேவைப்படும் நாளில் அதே பணத்துக்கு அவற்றைவிட மேலான பிராசசர் கிடைக்கும் என்பதே இதுவரை கண்ட அனுபவம். மிச்சப்படும் பணம் கிராபிக்ஸ் கார்டுக்கு உதவும். தேர்வுக் கட்டணத்துக்கும் உதவும்.

என் மாணவரும் நானும் அடுத்த நாள் மேற்சொன்ன சோதனையைச் செய்தோம். ரெசல்யூஷனைக் குறைத்ததும் எண் மளமளவென்று ஏறியது. தடை கிராபிக்ஸ் கார்டில்தான் என்று அவருக்கு விளங்கிவிட்டது. சோதனைக்கு ஆன நேரம் அரை மணி. புதிய பிராசசரை அவர் பிறகு நட்டத்துக்கு விற்றார். "அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை, சார்" என்றார். அந்த அரை மணியை அவர் வாங்குவதற்கு முன்பே செலவிட்டிருக்கலாம்.

உங்களுக்கு அந்த வாய்ப்பு இன்னும் இருக்கிறது. இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு கணிப்பொறியின் முன் அமருங்கள். எண்களைக் குறியுங்கள். பிறகு அந்த நோட்டை வீட்டாரிடம் காட்டிப் பணம் கேளுங்கள்.