ஃபியூஸ் செத்தால் வண்டி பிழைக்கும்!



நெருப்பில்லாமல் புகையாது என்பார்கள். மோட்டார் வண்டியில் புகை வருவதற்கு முன்பே வேறொன்று வந்துவிடும். அதுதான் கருகல் வாடை. அது வந்ததும் நம்ம ஆட்கள் என்ன செய்கிறார்கள்? "எவனோ ரோட்டோரம் டயரைக் கொளுத்துறான்" என்று கண்ணாடியை ஏற்றிவிட்டு ஆக்ஸிலேட்டரை மிதிக்கிறார்கள். வண்டி தானாக நின்றுபோனால்தான் மெக்கானிக் ஞாபகம் வருகிறது.

என் கருத்து இதுதான். கருகல் வாடை வந்த வண்டியை நிறுத்திவிட்டுக் காரணத்தைத் தேட வேண்டும். காரணம் தெரியாமல் ஃபியூஸுக்குப் பதிலாகக் கம்பி சுற்றும் பழக்கத்தை அடியோடு ஒழிக்க வேண்டும். டிப்ளமோ படிக்கிற நாமே இதைச் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வது?

ஒவ்வொரு வாடைக்கும் ஒரு விலாசம் உண்டு. ரப்பர் கருகினால் ஃபேன் பெல்ட் தளர்ந்து வழுக்குகிறதா, ஏதாவது ஹோஸ் சூடான பாகத்தில் உரசுகிறதா என்று பார்க்க வேண்டும். மேடு ஏறும்போது பாதி கிளட்ச்சில் ஓட்டியதும் வாடை வந்தால் கிளட்ச் பிளேட் தேய்கிறது. ஒரு சக்கரத்தின் அருகில் மட்டும் அனல் அடித்தால் அந்தப் பிரேக் பிடித்தபடியே விடாமல் நிற்கிறது. எண்ணெய் தீய்ந்த வாடை என்றால் டாப்பெட் கவர் பேக்கிங் கசிந்து எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் சொட்டுகிறதா என்று பாருங்கள். இனிப்பான வாடை வந்தால் கூலண்ட் கசிகிறது. அழுகிய முட்டை நாற்றம் வந்தால் பேட்டரி ஓவர்சார்ஜ் ஆகிறதா என்று முதலில் சோதிக்க வேண்டும். பச்சைப் பெட்ரோல் வாடையா? ஸ்டார்ட்டே செய்யாதீர்கள்!

நம்ம பக்கத்துக்கென்றே ஒரு வாடையும் இருக்கிறது. மங்களூர், சிறுபாக்கம் பக்கம் அறுவடை நாளில் உளுந்துச் செடியையும் வரகுத் தாளையும் தார் ரோட்டிலேயே பரப்பி விடுகிறார்கள். அது காருக்கு அடியில் சுற்றிக்கொண்டு எக்ஸாஸ்ட் குழாயைத் தொட்டால் பற்றிக்கொள்ளும். அங்கே இருக்கும் சூடு பல நூறு டிகிரி. கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் தேன்கூடு மாதிரி பீங்கான் வைத்திருப்பதே அந்தச் சூட்டைத் தாங்கத்தான். காய்ந்த தாள் தாங்குமா? அப்படிப்பட்ட ரோட்டைத் தாண்டியதும் இறங்கிக் குனிந்து பார்ப்பதற்கு ஒரு நிமிஷம்கூட ஆகாது.

2009-இல் வெளிவந்த டாடா நானோ கார்களில் சில தீப்பிடித்தது பலருக்கு ஞாபகம் இருக்கும். 2010 நவம்பரில் கம்பெனி, விற்ற கார்களுக்கெல்லாம் எக்ஸாஸ்ட் பகுதியிலும் எலெக்ட்ரிகல் பகுதியிலும் கூடுதல் பாதுகாப்பை இலவசமாகப் பொருத்தித் தர முன்வந்தது. கவனிக்க வேண்டிய இடங்கள் எவை என்பதற்கு இதுவே போதும். எக்ஸாஸ்டைப் பார்த்துவிட்டோம். இனி எலெக்ட்ரிகல்.

"12 வோல்ட் தானே, ஷாக்கா அடிக்கப் போவுது?" என்று கேட்பார்கள். அடிக்காது. ஆனால் எரிக்கும்! வீட்டில் 230 வோல்ட்டில் 60 வாட் பல்பு கால் ஆம்பியர் சொச்சம்தான் எடுக்கும். அதே 60 வாட் காரில் 5 ஆம்பியர் எடுக்கும். வெளிச்சம் போதவில்லை என்று 100 வாட் பல்பு மாட்டினால் 8 ஆம்பியருக்கு மேல் போய்விடும். சூடு கரண்டின் வர்க்கத்துக்கு ஏற்ப உயரும் என்று நாம் படித்திருக்கிறோம். ஆகவே பழைய வயரில் சூடு ஏறக்குறைய 2.8 மடங்கு. ரிலேயும் தடித்த வயரும் போடாமல் பல்பை மட்டும் மாற்றுவது வயரைக் கொளுத்தும் வேலை.

லூஸ் கனெக்‌ஷன் இன்னும் மோசம். ஒரு டெர்மினலில் 0.1 ஓம் தடை இருக்கிறது, 15 ஆம்பியர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தச் சின்ன இடத்தில் 22.5 வாட் சூடு பிறக்கும். நம்ம லேப் சால்டரிங் அயர்ன் 25 வாட்! டேஷ்போர்டுக்குள் ஒரு சால்டரிங் அயர்னை ஆன் செய்து வைத்த மாதிரிதான். இந்தக் கோளாறில் கரண்ட் கூடாது என்பதால் ஃபியூஸும் போகாது. அங்கே நமக்கு மூக்குதான் துணை.

பிளாஸ்டிக் கருகும் வாடை வந்தால் உடனே இக்னிஷனை ஆஃப் செய்து எல்லோரையும் இறக்கிவிடுங்கள். புகை வந்தால் பானெட்டை முழுசாகத் திறக்காதீர்கள், காற்றுப் பட்டால் தீ மூளும். ஆபத்தில்லை என்றால் பேட்டரியின் நெகட்டிவ்வைக் கழற்றுங்கள். சூடு ஆறிய பிறகு உருகிய, நிறம் மாறிய வயரைத் தேடிச் சரிசெய்யுங்கள். பிறகு லைட்டைப் போட்டு, சந்தேகப்படும் இணைப்பின் இரண்டு பக்கமும் மல்டிமீட்டரை வையுங்கள். நல்ல இணைப்பில் கிட்டத்தட்ட பூஜ்யம் காட்டும். மேலே சொன்ன டெர்மினலில் 1.5 வோல்ட் காட்டும். ஆள் அகப்பட்டான்!

விருத்தாசலம் பீங்கானுக்குப் பேர் போன ஊர். ஃபியூஸ் கட்டையை நமக்கு யாரும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. பீங்கான் சூட்டைத் தாங்க வேண்டும், நடுவில் இருக்கும் கம்பி உருக வேண்டும். உருகுவதுதான் அதன் கடமை. அங்கே செம்புக் கம்பியைச் சுற்றிவிட்டால் உருகும் வேலை வயருக்கு வந்துவிடுகிறது. வயரைச் சுற்றி இருப்பது பீங்கானா? பிளாஸ்டிக்கும் சீட் துணியும்தானே!

"வண்டி ஒரு நாள் நின்னா வருமானம் போச்சு தம்பி" என்று டிரைவர் அண்ணன்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. டியூ கட்டுகிறவருக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும். ஆனால் ஒரு ஃபியூஸ் சில ரூபாய்தான். சிவப்பு 10, நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30 ஆம்பியர். எந்தக் கலர் போனதோ அதே கலரை மாட்ட வேண்டும். மறுபடியும் போனால் பெரிய ஃபியூஸைத் தேடக் கூடாது, கோளாறைத் தேட வேண்டும். அந்த வண்டியில் காலையில் ஏறுவது பள்ளிக்கூடப் பிள்ளைகள் என்பதை மறக்கலாமா?

நாளை நாம் ஒர்க்‌ஷாப்பில் நிற்கும்போது, "ஒரு கம்பியைச் சுத்திக் குடுப்பா, ஊர் போய்ச் சேர்ந்துக்கிறேன்" என்று நிச்சயம் ஒருவர் வருவார். "மாட்டேண்ணே, பத்து நிமிஷம் உட்காருங்க, எங்க கருகுதுன்னு பார்த்துடறேன்" என்று சொல்லும் தைரியம் நமக்கு வேண்டும். அந்தப் பத்து நிமிஷத்துக்காகத்தான் மூன்று வருஷம் படிக்கிறோம் நண்பர்களே!