அப்பாவுக்கு மூன்று நாளில் வந்த பதில்

"ஒரு ஆர்டிஐ போடுங்க தோழர்." நம் இளைஞர்கள் ஒருவருக்கொருவர் எழுதிக்கொடுக்கும் மருந்துச்சீட்டு இது. சாலை வரவில்லையா, ஆர்டிஐ. தெருவிளக்கு எரியவில்லையா, ஆர்டிஐ. ஒரு வெள்ளைத்தாள், பத்து ரூபாய் கோர்ட் பீஸ் ஸ்டாம்ப், பதிவுத் தபால், 30 நாளில் பதில். சென்னையில் வாடகை அறையில் உட்கார்ந்துகொண்டு இதைச் சொல்வது எளிது. நானும் அங்கிருந்துதான் சொன்னேன். அங்கிருந்துதான் போட்டேன்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் கிராம ஊராட்சிக்கு நான் அனுப்பிய மனுவில் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. முந்தைய மூன்று நிதியாண்டுகளில் சாலைக்கும் குடிநீருக்கும் தெருவிளக்குக்கும் செலவான தொகை எவ்வளவு, தெரு வாரியாக. திங்கட்கிழமை தபாலில் சேர்த்தேன். வியாழக்கிழமை காலை ஊர்த்தெரு டீக்கடை முன்னால் என் அப்பாவை நிறுத்தி, ஊராட்சி வேலைகளை எடுத்துச் செய்யும் ஒப்பந்ததாரரின் மைத்துனர் கேட்டார்: "என்னப்பா, உன் பையன் எங்க கணக்கைக் கேட்டு மனு போட்டிருக்கானாமே?"

கேட்டவருக்கு என் வயது. அப்பாவுக்கு அறுபது. "தெரியலீங்க, விசாரிச்சுச் சொல்றேங்க" என்று சொல்லிவிட்டு அப்பா வீட்டுக்கு வந்தார். அந்த ஆள் சொன்ன சொல்லைக் கவனியுங்கள்: 'எங்க கணக்கு'. அரசின் கணக்கு அல்ல, ஊராட்சியின் கணக்கு அல்ல, நாமும் வீட்டு வரி கட்டி நிரப்பும் கணக்கு அல்ல. அவர்கள் கணக்கு.

அப்பாவுக்கு மூன்றாவது நாளே பதில் வந்துவிட்டது. எனக்குச் சட்டப்படியான பதில் வர 29 நாள் ஆனது. நான் கேட்ட வகையில் தகவல் தொகுக்கப்படவில்லையாம். அலுவலக நேரத்தில் நேரில் வந்து பதிவேடுகளைப் பார்வையிடலாமாம். பார்வையிடுவது சட்டத்தின் 2(j) பிரிவு நமக்குத் தந்த உரிமைதான், மறுக்கவில்லை. ஆனால் நாற்காலியில் உட்காரலாமா கூடாதா என்பதே இன்னும் தீராத ஓர் அலுவலகத்தில், சேரிப் பையன் ஒருவன் தனியாகப் போய் அவர்கள் கணக்கைப் புரட்டுவதற்குப் பெயர் வெறும் பார்வையிடல் அல்ல.

2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் மோசமான சட்டம் என்று நான் சொல்லவில்லை. அதன் 6(2) பிரிவு அருமையானது. தகவல் எதற்கு என்று மனுதாரரிடம் காரணம் கேட்கக்கூடாது, அவரைத் தொடர்புகொள்ளத் தேவையானது தவிர வேறு சொந்த விவரமும் கேட்கக்கூடாது என்கிறது. எழுதியவர்கள் நல்ல எண்ணத்தோடுதான் எழுதினார்கள். தொடர்புகொள்ளத் தேவையானது என்றால் முகவரி. நம் கிராமங்களில் முகவரி என்பதே சாதிச் சான்றிதழ் என்பதுதான் அவர்கள் கணக்கில் வராமல் போனது. 'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களில் இருந்து நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்கிறோம். ஆனால் தபால் உறையைப் பிரிக்கும் ஊராட்சிச் செயலாளருக்கு அந்தச் சொல் தேவையே இல்லை. கதவு எண்ணும் அப்பா பெயரும் போதும்.

வீட்டு முகவரிக்குப் பதிலாக அஞ்சல் பெட்டி எண்ணைக் கொடுத்து மனுச் செய்யலாம் என்று கல்கத்தா உயர்நீதிமன்றம் 2013இல் சொன்னது. மனுதாரர்கள் மிரட்டப்படுவதைப் பற்றிய வழக்கு அது. நல்ல தீர்ப்பு. எங்கள் ஊர்க் கிளை அஞ்சலகத்தில் போய் அஞ்சல் பெட்டி எண் கேட்டால் என்ன நடக்கும் என்பதை உங்கள் கற்பனைக்கே விட்டுவிடுகிறேன்.

1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் வரைவு அரசியலமைப்பை முன்வைத்துப் பேசியபோது, கிராமத்தை அடிப்படை அலகாக ஏற்காமல் தனிமனிதரை அலகாக ஏற்றதில் தனக்கு மகிழ்ச்சி என்றார் அண்ணல் அம்பேத்கர். கிராமத்தைத் தலையில் வைத்துக் கொண்டாடியவர்களுக்கு அன்று அது கசந்தது. தகவல் சட்டத்தின் 'குடிமகன்' அந்தத் தனிமனிதர்தான். ஆனால் மனு ஊராட்சி அலுவலக வாசலைத் தாண்டியதும், கேட்டது குடிமகனா என்று அங்கே யாரும் பார்ப்பதில்லை. எந்தத் தெரு, யார் மகன், அவன் அப்பன் யார் வயலில் வேலை செய்கிறான் என்றுதான் பார்க்கிறார்கள். கிராமம் தன் அலகை மீட்டுக்கொள்கிறது.

இதை டீக்கடை விசாரணையோடு நின்றுவிடும் விஷயமாக நினைக்க வேண்டாம். குஜராத்தில் ராஜ்கோட் மாவட்டத்தின் மாணேக்வாடா கிராமத்தில், ஊர்ச்சாலைக்குச் செலவான பணத்தின் விவரம் கேட்டு மனுப் போட்ட தலித் ஒருவர் 2018 மார்ச்சில் அடித்துக் கொல்லப்பட்டார். அந்த மனுதான் காரணம் என்று குடும்பம் சொன்னது. அடுத்த ஆண்டு அவருடைய மகனும் கொல்லப்பட்டார். கேட்டது அணுகுண்டு ரகசியம் அல்ல. ஒரு கிராமத்துச் சாலையின் கணக்கு.

தகவல் உரிமைக்கு இந்தியாவிலேயே முதலில் சட்டம் இயற்றிய மாநிலம் தமிழ்நாடு என்ற பெருமையை அடிக்கடி கேட்கிறோம். 1997ஆம் ஆண்டுச் சட்டம் அது. விதிவிலக்குகளாலேயே நெய்யப்பட்டது என்பது வேறு கதை. அதே 1997 ஜூன் 30 அன்றுதான் மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனும் உடன் வந்தவர்களும் பேருந்தை வழிமறித்து வெட்டிக் கொல்லப்பட்டார்கள். தனித்தொகுதியில் வென்று தலைவரானது மட்டுமே அவர் செய்த குற்றம். ஊராட்சியின் தலைவரையே வெட்டிய மண்ணில், ஊராட்சியிடம் கணக்குக் கேட்பவனுக்கு என்ன பாதுகாப்பு என்று நம் பெருமைக்காரர்கள் ஒரு நாளாவது யோசித்தார்களா?

ஆகவே என் சண்டை ஆர்டிஐயோடு அல்ல. கேட்டால்தான் கிடைக்கும் என்று அதைச் சுருக்கி வைத்திருப்பவர்களோடு. சட்டத்தின் 4ஆம் பிரிவைப் படியுங்கள் தோழர்களே, 6ஆம் பிரிவுக்கு முன்னால் அது இருக்கிறது. பொது அதிகார அமைப்பு ஒவ்வொன்றும் தன் வரவு செலவை, திட்டங்களை, மானியம் பெற்ற பயனாளிகளை, யாரும் கேட்காமலே வெளியிட வேண்டும். இதற்குச் சட்டம் கொடுத்த கெடு 120 நாள். இருபது ஆண்டு ஓடிவிட்டது. மக்கள் இந்தச் சட்டத்தைப் பயன்படுத்த வேண்டிய தேவையே மிகக் குறைவாக இருக்கும் அளவுக்குத் தகவலைத் தாமாகவே தர வேண்டும் என்று 4(2) பிரிவு சொல்கிறது. எப்படித் தருவது என்பதற்கும் வழி உண்டு: அறிவிப்புப் பலகை, செய்தித்தாள், பொது அறிவிப்பு, இணையம். (பொது அறிவிப்பு என்றதும் பறையடிக்க ஆள் தேட வேண்டாம். தண்டோராவுக்கு 2022இலேயே தமிழ்நாடு அரசு தடை போட்டுவிட்டது. ஒலிபெருக்கி போதும்.)

இதெல்லாம் இணையத்தில் இருக்கிறதே என்பார்கள். இ-கிராம்ஸ்வராஜ் தளத்தில் ஊராட்சிகளின் வரவு செலவைப் பார்க்கலாம் என்பது உண்மைதான். கிராம சபையிலும் கணக்கு வாசிக்கிறார்கள். எல்லாம் மொத்தத் தொகை. குடிநீர்ப் பராமரிப்புக்கு இவ்வளவு, தெருவிளக்குக்கு இவ்வளவு. சாதி இந்த மொத்தத் தொகைக்குள்தான் ஒளிந்திருக்கிறது. பணம் ஊர்த்தெருவில் எவ்வளவு இறங்கியது, சேரியில் எவ்வளவு இறங்கியது என்று பிரித்துச் சொன்னால் அடுத்த நாளே குட்டு வெளிப்படும். பிரித்துச் சொல்ல முடியாது, தொகுக்கப்படவில்லை என்பது பச்சைப் பொய். எந்தத் தெரு என்று எழுதாமல் மதிப்பீடு போட முடியாது. எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று எழுதாமல் எம்-புக்கில் அளவு பதிய முடியாது. எம்-புக் இல்லாமல் பில் பாஸ் ஆகாது. தெரு வாரிக் கணக்கு அந்த அலமாரியிலேயே இருக்கிறது.

இருக்கிற வாசலையும் இப்போது அடைக்கிறார்கள். 2023இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகவல் சட்டத்தின் 8(1)(j) பிரிவைத் திருத்திவிட்டது. முன்பு, பொதுக் காரியத்தோடு தொடர்பில்லாத அந்தரங்க விவரத்தைத்தான் மறுக்கலாம். இப்போது, தனிநபர் தகவல் என்று சொன்னாலே மறுக்கலாம். வீடு கட்டும் திட்டத்தில் யார் பெயர் இருக்கிறது என்று கேட்டால், அது தனிநபர் தகவல் என்று எழுதி அனுப்ப ஒரு வரி கிடைத்துவிட்டது. பொதுநலன் பெரிதென்றால் தரலாம் என்னும் 8(2) பிரிவும், பயனாளிகளை வெளியிடச் சொல்லும் 4ஆம் பிரிவும் இன்னும் உயிரோடுதான் இருக்கின்றன. மேல்முறையீட்டில் அவற்றைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும். நம் பையனின் முகவரி மூன்றே நாளில் ஒப்பந்ததாரர் வீட்டுக்குப் போனபோது இந்தத் தனியுரிமைக் காவலர்கள் எங்கே இருந்தார்கள் என்று தெரியவில்லை.

பயந்தால் எப்படித் தோழர் என்று கேட்பீர்கள். நாங்கள் நிறுத்தவில்லை. இரண்டாவது முறை நான் மட்டும் போடவில்லை, அவ்வளவுதான். சட்டம் குடிமகனுக்குத்தான் உரிமை தருகிறது, சங்கத்தின் பெயரில் போட்டால் அதையே சொல்லித் திருப்பி அனுப்புவார்கள். எனவே ஒரே கேள்வியை எங்கள் தெருவைச் சேர்ந்த பதினான்கு பேர் பதினான்கு மனுவாகப் போட்டோம். நூற்று நாற்பது ரூபாய். ஒன்பது பேர் மகளிர் குழுப் பெண்கள். இந்தமுறை ஊராட்சிக்கு அனுப்பவில்லை, நேராக ஒன்றிய அலுவலகத்துக்கே போனோம். எழுதத் தெரியாத ஓர் அக்கா, "நான் சொல்றேன் சார், நீங்க எழுதிக்கோங்க" என்று அலுவலர் முன்னால் நின்றார். அவர் விழித்தார். வாய்மொழியாகக் கேட்பவருக்கு எழுத்தில் கொண்டுவர உதவுவது அலுவலரின் கடமை என்று 6(1) பிரிவில் இருப்பதைக் காட்டினோம். எழுதினார்.

இம்முறையும் பார்வையிட வரச் சொன்னார்கள். பதினான்கு பேரும் போனோம். முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் இல்லை, அதுவே போதுமானதாக இருந்தது. ஆதிதிராவிடர் குடியிருப்பில் சிமென்ட் சாலை என்று ஒரு கோப்பு. தெருவின் பெயர் எங்களுடையது. எம்-புக்கில் அளவு இருந்தது, கையெழுத்து இருந்தது. வேலை முடிந்ததற்குச் சாட்சியாக ஒட்டியிருந்த புகைப்படத்தில் ஊர்க் கோயிலின் மதில் தெரிந்தது. எங்கள் தெருவில் இன்றும் மழை பெய்தால் முழங்கால் சேறு.

பக்கத்துக்கு இரண்டு ரூபாய் கட்டி நகல் வாங்கினோம். புகார் மாவட்ட நிர்வாகத்திடம் இருக்கிறது. சாலை இன்னும் வரவில்லை. அந்தப் போகத்தில் அப்பாவை யாரும் நடவுக்குக் கூப்பிடவில்லை, பக்கத்து ஊருக்குப் போய்வந்தார். மனுப் போட்டதற்காக என்னை அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. "முதல் தடவையே எல்லாருமா போட்டிருக்கலாமில்ல" என்று மட்டும் கேட்டார்.

வரும் அக்டோபர் 2 கிராம சபையில் எங்கள் தெரு ஒரே ஒரு தீர்மானத்தைக் கொண்டுபோகிறது. ஒவ்வொரு வேலைக்கும் செலவான தொகையைத் தெருவின் பெயரோடு ஊராட்சி அலுவலகச் சுவரில் தமிழில் பெயின்டால் எழுத வேண்டும், ஆண்டுக்கு இரண்டு முறை. சுவரில் இடம் இல்லை என்று இப்போதே சொல்லிப் பார்க்கிறார்கள். கும்பாபிஷேக நன்கொடையாளர்களின் பட்டியலை எழுதியபோது அதே சுவரில் இடம் இருந்தது.