பட்டன் போதாதா? டெவலப்பர்களுக்கு கறுப்புத் திரை ஏன் இன்னும் முக்கியம்?

உணவு டெலிவரி ஆப் ஒன்று வெளியிலிருந்து பார்த்தால் ஒரே ஆப். உள்ளே அப்படி இல்லை. ஆர்டர் எடுக்க ஒரு சர்வீஸ், பணம் வாங்க ஒரு சர்வீஸ், தகவல்களை வைக்க ஒரு டேட்டாபேஸ். இத்தனையையும் புதிதாகச் சேர்ந்த ஒருவரின் லேப்டாப்பில் ஒவ்வொன்றாக இன்ஸ்டால் செய்து ஓடவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். “என் சிஸ்டம்ல ஓடுதே!” என்ற பிரபலமான சமாளிப்பு வருவதே இங்கேதான்.

இதற்கு வழி காட்டியது டாக்கர். 2013 மார்ச்சில் அமெரிக்காவில் நடந்த பைத்தான் மாநாட்டில் சாலமன் ஹைக்ஸ் இதை அறிமுகப்படுத்தினார். ஒவ்வொரு சர்வீஸையும் அதற்குத் தேவையானவற்றோடு சேர்த்து ஒரு கன்டெய்னருக்குள் வைத்துவிடலாம். பல கன்டெய்னர்களைச் சேர்த்து இயக்க கம்போஸ் என்ற கருவி இருக்கிறது. எந்தெந்த சர்வீஸ், எந்த போர்ட், தகவலை எங்கே சேமிப்பது என எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் எழுதிவிட்டு, ‘டாக்கர் கம்போஸ் அப்’ என்று டைப் செய்தால் மொத்த ஆப்பும் ஓட ஆரம்பிக்கும். ‘டவுன்’ என்றால் நின்றுவிடும். அவ்ளோதான்.

“அதான் டாக்கர் டெஸ்க்டாப் இருக்கே, பட்டனைத் தட்டினா போதாதா?”

போதாது. 2021 ஆகஸ்ட் 31 அன்று டாக்கர் நிறுவனம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. 250 பேருக்கு மேல் வேலை செய்யும் நிறுவனங்களும், ஆண்டு வருமானம் 1 கோடி டாலரைத் தாண்டும் நிறுவனங்களும் டெஸ்க்டாப்புக்குப் பணம் கட்ட வேண்டும் என்றது. ஆனால் அதன் அடியில் ஓடும் டாக்கர் எஞ்சின் ஓப்பன் சோர்ஸ். கமாண்ட் தெரிந்தவர்கள் லினக்ஸில் அந்த எஞ்சினை நேரடியாகவே பயன்படுத்தலாம். ரெட் ஹாட்டின் பாட்மேனுக்கும் மாறலாம், அதில் பெரும்பாலான கமாண்ட்கள் அப்படியே இருக்கின்றன. பட்டன் மட்டுமே தெரிந்தவர் என்ன செய்வார்? போதாக்குறைக்கு, ஆப் கடைசியில் போய் ஓடப்போகும் சர்வரில் பெரும்பாலும் பட்டனே கிடையாது.

அதற்காக கமாண்ட்களை மனப்பாடம் செய்து அடித்தாலும் ஆபத்துதான். ‘டவுன்’ உடன் ‘மைனஸ் வி’ சேர்த்தால், அந்த ஃபைலில் சொல்லியிருக்கும் வால்யூம்களும் அழியும். டேட்டாபேஸ் அதில் இருந்தால் அதுவும் காலி. “நிச்சயமா?” என்று ஒரு வார்த்தை கேட்காது!

இன்னொரு குழி, ‘டிபெண்ட்ஸ் ஆன்’. டேட்டாபேஸ் தயாரான பிறகுதான் ஆப் கிளம்பும் என்று பலரும் இதை நம்புகிறார்கள். சும்மா பெயரை மட்டும் எழுதினால், டேட்டாபேஸ் கன்டெய்னர் ஸ்டார்ட் ஆனதுமே ஆப்பும் கிளம்பிவிடும். உள்ளே டேட்டாபேஸ் இன்னும் கண் விழித்திருக்காது. ஹெல்த் செக் எழுதி, அது பாஸ் ஆகும்வரை காத்திரு என்று தனியாகச் சொல்ல வேண்டும்.

பழைய வீடியோக்களைப் பார்த்துப் படிப்பவர்கள் கவனிக்க: டாக்கருக்கும் கம்போஸுக்கும் நடுவில் ஹைபன் போட்டு எழுதும் முதல் பதிப்புக்கு 2023 ஜூலையோடு அப்டேட் நின்றுவிட்டது. புது சிஸ்டத்தில் அது ‘கமாண்ட் நாட் ஃபவுண்ட்’ என்று சொன்னால், ஹைபனை எடுத்துவிட்டு இடைவெளி விட்டுப் பாருங்கள்.