தீர்ப்பே வராத தண்டனை

ஆனந்த் டெல்டும்டே சரணடைந்த நாள் 2020 ஏப்ரல் 14, அண்ணல் அம்பேத்கரின் பிறந்த நாள். பிணையில் வெளியே வந்தது 2022 நவம்பர் 26, அரசமைப்புச் சட்ட நாள். இடையில் 31 மாதங்கள். அவ்வளவு காலத்தில் பீமா கோரேகான் வழக்கில் விசாரணை தொடங்கவில்லை, குற்றச்சாட்டுகள்கூட வரையறுக்கப்படவில்லை. அவர் பயங்கரவாதச் செயலில் ஈடுபட்டார் என்று முடிவு செய்ய ஆதாரமில்லை என மும்பை உயர்நீதிமன்றம் சொன்ன பிறகே கதவு திறந்தது. அப்படியானால் அந்த 31 மாதங்களுக்கு என்ன பெயர்?

சட்டம் அதற்கு 'விசாரணைக் காவல்' என்று பெயர் வைத்திருக்கிறது. விசாரணையே இல்லாத விசாரணைக் காவல்! நான் அதைத் தண்டனை என்றே சொல்வேன்.

ஊபா சட்டத்தில் 2008இல் சேர்க்கப்பட்ட 43டி(5) என்ற பிரிவுதான் இதற்கு அடிப்படை. போலீசின் குற்றப்பத்திரிகையைப் படித்து, குற்றச்சாட்டு முதல்நோக்கில் உண்மை என்று நீதிபதி கருதினால் பிணை கிடையாது. பிணை கேட்கும் கட்டத்தில் ஆதாரங்களை ஆழமாக எடைபோடக் கூடாது என்று 2019இல் வட்டாலி வழக்கில் உச்சநீதிமன்றமும் சொல்லிவிட்டது. ஆக, போலீஸ் எழுதியது பொய் என்று நிரூபிக்க விசாரணை நடக்க வேண்டும். விசாரணையோ நடப்பதில்லை. 2020 செப்டம்பரில் கைதான உமர் காலித் விசாரணை தொடங்காமலேயே ஐந்து ஆண்டுகளுக்கு மேல் சிறையில் கழித்தார்.

இதில் ஒரு கொடிய முரண் இருக்கிறது. விசாரணையின்றி அடைத்து வைக்கும் தடுப்புக் காவலை நாம் கறுப்புச் சட்டம் என்கிறோம். அந்தத் தடுப்புக் காவலுக்கே அரசமைப்பின் 22ஆவது பிரிவு கடிவாளம் போட்டிருக்கிறது. 1949இல் அந்தப் பிரிவை அவையில் முன்மொழிந்தவர் அம்பேத்கர். காவலுக்கான காரணத்தைச் சொல்ல வேண்டும். மூன்று மாதங்களுக்கு மேல் நீட்டிக்க அறிவுரைக் குழுமத்தின் ஒப்புதல் வேண்டும். தேசியப் பாதுகாப்புச் சட்டத்தில்கூட உச்சவரம்பு 12 மாதம். ஊபாவுக்கு அந்த வரம்பும் இல்லை. 'இது தடுப்புக் காவல் அல்ல, சாதாரண குற்ற வழக்கு' என்று சொல்லிக்கொண்டே, தடுப்புக் காவலால் செய்ய முடியாததை அரசு செய்துகொள்கிறது.

"குண்டு வைப்பவனை வெளியே விடச் சொல்கிறீர்களா?" என்று கேட்பார்கள். இல்லை. வழக்கை நடத்துங்கள் என்கிறோம். ஆதாரம் இருந்தால் விசாரணைக்கு அரசு ஏன் அஞ்ச வேண்டும்? குற்றவாளி என்று நிரூபித்தால் தண்டனை கொடுக்கட்டும்.

திருச்சி மாவட்டத்தில் பிறந்து, ஜார்க்கண்ட் ஆதிவாசிகளோடு வாழ்ந்த ஸ்டேன் சுவாமி பார்க்கின்சன் நோயால் டம்ளரைப் பிடிக்க முடியாமல் உறிஞ்சுகுழல் கேட்டார். பதில் சொல்லவே என்.ஐ.ஏ. 20 நாள் அவகாசம் கேட்டது. 2021 ஜூலை 5 அன்று, 84 வயதில், கைதியாகவே இறந்தார். அவர் மீதான வழக்கில் எந்த நீதிமன்றமும் தீர்ப்பு எழுதவில்லை.

விசாரணை மிகவும் தாமதமானால் பிணை தரலாம் என்று 2021இல் நஜீப் வழக்கில் உச்சநீதிமன்றம் சொன்னது உண்மைதான். ஆனால் 'தரலாம்' என்பது உரிமை ஆகாது. எந்த அமர்வின் முன் வழக்கு போகிறது என்பதைப் பொறுத்த அதிர்ஷ்டம் அது.

இது பிரபலமான பத்துப் பேரின் பிரச்சினையும் அல்ல. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022 கணக்குப்படி இந்தியச் சிறைகளில் இருப்போரில் ஏறத்தாழ 76 விழுக்காட்டினர் விசாரணைக் கைதிகள். அவர்களில் ஐந்தில் ஒருவர் பட்டியல் சாதியினர். டெல்டும்டேவுக்கு உயர்நீதிமன்றம் வரை வாதாட வழக்கறிஞர்கள் இருந்தார்கள். சேரியிலிருந்து இழுத்துச் செல்லப்படும் இளைஞனுக்கு யார் இருக்கிறார்கள்?

ஆகவே தோழர்களே, "அவரை விடுதலை செய்" என்ற முழக்கத்தோடு நாம் நின்றுவிட முடியாது. 43டி(5) நீக்கப்பட வேண்டும். குறித்த காலத்துக்குள் விசாரணையை முடிக்காவிட்டால் பிணை உரிமையாக வேண்டும். குற்றமற்றவர் என்று விடுவிக்கப்படுபவருக்கு, அவர் இழந்த ஆண்டுகளுக்காக அரசு இழப்பீடு தர வேண்டும். கொடுத்தாக வேண்டிய விலை ஒன்று இருந்தால்தான், அடைத்துப் போட்டுவிட்டு மறந்துவிடும் பழக்கத்தை அரசு கைவிடும்.